சாமி மேடையில் பதினான்கு பக்கங்கள்

என் அலுவலகத்துக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் காப்பி கொடுப்பதில்லை, மைலோதான். காப்பி குடித்தவர் படபடவென்று பேசிவிட்டு எழுந்து போய்விடுவார். சூடான மைலோவை அப்படிக் குடிக்க முடியாது. ஊதி ஊதிக் குடிக்கிற பத்து நிமிஷத்தில், மனத்தில் இருக்கிற பயமெல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்துவிடும். நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த தேநீர் ஆறிப்போய்விட்டது, இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன். குறையாகச் சொல்லவில்லை. ஆளைப் பேசவைப்பது உங்கள் தொழில். அதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

பேசாமல் இருக்கிற உரிமை எனக்கு உண்டு என்று சற்று முன் மலாயில் வாசித்துக் காட்டினீர்கள். இரண்டு இடத்தில் தடுமாறினீர்கள். நான் முப்பத்தோரு வருஷமாக இந்தப் பத்து பாகாட் ஊரில் வக்கீல். அந்த உரிமை எனக்கு வேண்டாம். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துத் திருத்தித் தருகிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இந்த விவகாரமே படிக்காத பழக்கத்தால் வந்ததுதான்.

உங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. செல்வராணியின் தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்து, அவருடைய கணவர் திருச்செல்வம் இறந்து இன்று பன்னிரண்டாம் நாள். அந்தத் தீக்குள் சாமி மேடையில் இருந்த கவர், முனைகூடக் கருகாமல் என் கைக்கு எப்படி வந்தது? நல்ல கேள்வி. அது உங்களுடைய கேள்வி இல்லை, அவர்கள் மகள் லோஷினி கேட்டது. இருக்கட்டும். பதில் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன்.

வக்கீல் என்றால் கோர்ட்டில் நின்று கத்துகிறவர் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. நான் கோர்ட்டு ஏறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் வேலை அதற்கு முந்தியது. துணி தைக்கிறவர், பிஸ்கட் போடுகிறவர், பஸ் சீட்டுக்கு உறை மாட்டுகிறவர் என்று புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் வருவார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: "என்ன நடந்தா உங்க கம்பெனிய நாளைக்கே மூடிடுவீங்க?" முதலில் சிரிப்பார்கள். நல்ல காரியம் தொடங்கும்போது இப்படிக் கேட்கலாமா என்பார்கள். பிறகு மைலோ தன் வேலையைச் செய்யும். பெயரை இன்னொருவன் பதிந்துகொள்வது, கட்டடத்துக்காரர் காலி செய்யச் சொல்வது, வேலையாட்களின் பெர்மிட்டில் கோளாறு, பங்காளி திடீரென்று சாவது. எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு பக்கம். மேலே என்ன நடக்கலாம், நடுவில் எப்படி நடக்கும், கீழே இன்றைக்கே செய்துவைக்க வேண்டியது என்ன. அந்தப் பக்கங்களைப் படித்து நடந்தவர் எவரும் இந்த ஊரில் கடையை மூடியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் படிக்க வேண்டுமே. நம் ஆட்களிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது: "நீங்களே பாத்துக்குங்க சார்." இந்த முப்பத்தோரு வருஷத்தில் நான் வெறுத்த வாக்கியம் அது ஒன்றுதான். அவர்கள் அதை மரியாதை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது கைகூப்பிக்கொண்டு நிற்கிற சோம்பேறித்தனம். காகிதத்தை நீட்டினால் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார்கள். உள்ளே அவர்கள் வீட்டையே எழுதி வாங்கியிருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு முறுக்கு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

செல்வராணி ஆறு வருஷத்துக்கு முன் வந்தார். காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இங்கே வந்து ஒரு பெரிய தையல் ஆலையில் சேர்ந்து, பதினான்கு வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்தவர். வேறெதுவும் தைக்கவிட மாட்டார்களாம். பள்ளிச் சீருடை தைக்க, 'ராணி' என்ற பெயரில் சொந்தமாகத் தொடங்கப் போவதாகச் சொன்னார். கணவர் திருச்செல்வம் லோரி ஓட்டியவர். துணி வெட்டும் வேலையை மனைவிக்காகக் கற்றுக்கொண்டவர். அவர் என் முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். செல்வராணி இரண்டு கோப்பை மைலோ குடித்தார்.

இரண்டாவது கோப்பையில்தான் அதைச் சொன்னார். பழைய ஆலையில் துணி திருடு போகிறதென்று பின்கதவை வெளியே பூட்டிவிடுவார்களாம். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தீப்பொறி பட்டுப் புகை வந்திருக்கிறது. சின்னத் தீதான், அணைத்துவிட்டார்கள். ஆனால் நாற்பது பெண்கள் அந்தக் கதவில் மோதிக்கொண்டு நின்றார்களாம். "இன்னமும் கனவுல அந்தக் கதவுதான் சார் வருது" என்றார். நான் குறித்துக்கொண்டேன். அது ஒன்பதாம் பக்கம் ஆயிற்று.

அவருக்கு ஆங்கிலம் ஓடாது. மலாய் பேசுவார், படிப்பது சிரமம். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதை அவருக்காகத் தமிழில் எழுதினேன். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். ஒவ்வொரு சட்டச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டி, கிடைக்காததற்கு நானே வாக்கியம் செய்து, மூன்று வாரம் உட்கார்ந்து நானே தட்டச்சு செய்தேன். பதினான்கு பக்கம். என் வாழ்நாளில் நான் தமிழில் எழுதியது அது மட்டுமே. நன்றாக வந்திருந்தது. கவரில் போட்டு, ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து இருவர் கையிலும் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன்: "இத பத்திரமா வச்சிக்குங்க. இது உங்கள காப்பாத்தும்."

என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று அறிவுள்ள எவருக்கும் தெரியும். செல்வராணி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னை அழைத்தார்கள். பதினெட்டுத் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்து, கத்தரிக்கோல்களை வாழையிலையில் அடுக்கியிருந்தார்கள். சாமி மேடையில் முருகன் படத்துக்குக் கீழே என் கவர் இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். அரக்கு அப்படியே இருந்தது. ஐயர் தீபாராதனை காட்டினார். முதலில் முருகனுக்கு, அடுத்து என் கவருக்கு.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"கடை தொறக்குற அன்னிக்கே கோயில்ல பாதத்துல வச்சு எடுத்தோம் சார். நீங்க எழுதிக் குடுத்த தகடு இது. பிரிச்சா சக்தி போயிடும்னு ஐயர் சொல்லிட்டாரு."

"அது தகடு இல்லம்மா. படிக்கிறதுக்கு எழுதுனது. பிரிச்சுப் படிங்க."

"உங்க எழுத்து உள்ள இருக்குன்னு தெரிஞ்சா போதும் சார். மத்தத நீங்களே பாத்துக்குங்க." சிரித்துக்கொண்டே என் கையில் சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது. இதற்கு நான் வேறு வார்த்தை தேடவில்லை, நீங்களும் தேட வேண்டாம். மூன்று வாரம் நான் எழுதியதைக் கடவுளாக்கி வாயை அடைத்துவிட்டார்கள். தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது. குப்பையில் போடுகிறவன் ஒரு வரியாவது படித்துவிட்டுத்தான் போடுவான்.

உள்ளே இருப்பதை நானே வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதியாயிற்று. எழுதியதைப் படிப்பது அவர்கள் வேலை. டாக்டர் மருந்தை எழுதுவார், வாயிலும் ஊற்றிவிடுவாரா?

ஆகவே உள்ளே இருப்பது அவர்களுக்குத் தேவைப்படும்படி செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் பக்கம், பெயர்ப் பதிவு. 'ராணி' என்ற பெயரை உடனே பதிந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். குளுவாங்கில் இன்னொரு சீருடைக்காரர் என் கட்சிக்காரர். அவரிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில், இப்படி ஒரு பெயர் ஓடுகிறது, இன்னும் யாரும் பதியவில்லை என்றேன். பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அவர் பதிந்துகொண்டார். தைத்து முடித்த சட்டைகளிலிருந்து செல்வராணியும் அவருடைய ஆட்களும் ஊசியால் லேபிள் பிரித்தார்கள். மலர் என்று ஒரு பெண், விரலெல்லாம் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன்.

"கவர பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றேன்.

"அது இருக்கறதாலதான் சார் பேரோட போச்சு" என்றார் செல்வராணி.

அடுத்த வருஷம் கொரோனா. அதை என் பக்கங்களில் நான் எழுதியிருக்கவில்லை. அது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். சீருடை விற்காமல் போனதும் முகக்கவசம் தைத்துத் தப்பித்தார்கள். அதற்கும் கவருக்கு ஒரு மாலை போட்டார்கள்.

நான்காம் பக்கம், கட்டடம். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயிடம் வாய்ச்சொல்லில் வாடகைக்கு இருந்தார்கள். எழுத்தில் வாங்குங்கள் என்று எழுதியிருந்தேன். தவுக்கே நல்ல மனிதர், வயதானவர். சிங்கப்பூரில் இருந்த அவருடைய மகனுக்கு ஒரு போன் செய்தேன். ஒப்பந்தம் இல்லாத ஆளை எப்போது வேண்டுமானாலும் கிளப்பலாம் என்ற தகவலைச் சொன்னேன். இரண்டு மாத நோட்டீஸ் வந்தது. செல்வராணி என்னிடம் ஓடிவந்து அழுதார். நான்தான் பாரிட் ராஜா போகிற சாலையில் வேறு கட்டடம் பார்த்துக் கொடுத்தேன். ஒப்பந்தமும் நானே எழுதினேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கட்டடத்தின் பின்கதவு இரும்புக் கதவு. வெளிப்பக்கம் மட்டும்தான் பூட்டு. உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. குடி போன அன்று செல்வராணி அந்தக் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் ஒரு சாவியைக் கொடுத்தார்.

"ஒன்னு உங்ககிட்ட இருக்கட்டும் சார். நீங்க வெளிய இருக்குற ஆளு. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகல."

வாங்கிக்கொண்டேன். பொறுப்பை மறுக்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

தீயணைப்புத் துறையிலிருந்து வந்த ஒருவர், உள்ளேயிருந்து தள்ளித் திறக்கிற மாதிரி அந்தக் கதவை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டடத்துக்காரரின் சம்மதம் வேண்டும், நான் கடிதம் எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். அது என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. அதோடு இன்னொரு கடிதமும் இருக்கிறது. நேப்பாளத்திலிருந்து வந்த ஆறு பேரின் பெர்மிட்டில் வேலை செய்யும் முகவரியை மாற்றச் சொல்லி இமிகிரேசனுக்குச் செல்வராணி கையெழுத்துப் போட்ட கடிதம். அனுப்பியாச்சா என்று திருச்செல்வம் இரண்டு முறை கேட்டார். அனுப்பியாச்சு என்றேன். பிறகு வேறு ஒரு கடிதத்தைப் பெயர் போடாமல் அதே இமிகிரேசனுக்கு அனுப்பினேன். ஆறாம் பக்கம்.

அவர்கள் அதிகாலையில் வந்து ஆறு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் வேனுக்குள்ளிருந்து திருச்செல்வத்தைப் பார்த்து "அண்ணா, அண்ணா" என்று தமிழில் கூப்பிட்டானாம். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். திருச்செல்வம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று செல்வராணி சொன்னார். நான் மறுபடியும் கேட்டேன், கவரைப் பிரித்தீர்களா என்று.

"பிரிக்காம இருந்ததாலதான் சார் எங்கள புடிக்காம விட்டாங்க" என்றார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. உங்கள் கண்ணில் இருப்பது எனக்குப் புரிகிறது. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பதினான்கு பக்கத்தில் நான் தொட்டது நான்கே நான்கு. மற்றப் பத்தையும் தொடவே இல்லை. என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் இத்தனை நிதானம் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஒன்பதாம் பக்கம்.

இந்த வருஷம் ஆயுத பூஜை, வேலை நெருக்கடியான நேரத்தில் வந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கிறது. வெள்ளைத் துணியும் நீலத் துணியும் வெட்டும் மேசைமேல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. பூஜை பகல் பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. மேசையின் ஓரத்தில், வெட்டுகிற மெஷினுக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எப்போதும் வைப்பதுதான். சாப்பாடு முன்வாசலில், கூடாரம் போட்டு. மீதமிருந்த வேலையாட்கள், அவர்கள் குடும்பம், லோஷினி, எல்லாரும் அங்கே இருந்தார்கள். திருச்செல்வம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு முதல் இலை போட்டார்கள். சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது.

போன் வந்ததுபோல எழுந்து உள்ளே போனேன். ஒருவரும் இல்லை. கழிவறைக் கதவைக்கூடத் திறந்து பார்த்தேன். யாராவது இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குத்துவிளக்கை அரை அடி நகர்த்தினேன். மேலே நீலத் துணியின் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செய்தது அந்த அரை அடிதான்.

பின்கதவு அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. பூட்டும் சங்கிலியும் வெளியே தொங்கின. அந்த வழியாக வெளியே வந்தேன். பூட்டைப் போட்டுப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கதவு திறந்திருக்கிற இடத்தில் தீப்பிடித்தால் அது வெறும் விபத்து. பூட்டிய கதவு என்றால்தான் துறைகளிலிருந்து ஆள் வருவார்கள், கேள்வி வரும், வழக்கு வரும். வழக்கு வந்தால் செல்வராணிக்குப் போக்கிடம் ஏது? அப்போதாவது கவரைப் பிரிப்பார் என்று நினைத்தேன்.

பின்னால் பெரிய கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் செம்பனை. காரைக் கால்வாயின் இந்தப் பக்கம்தான் நிறுத்தியிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் கூரை இடுக்கில் புகை தெரிந்தது. முன்பக்கம் சத்தம் கேட்டது. ஆளை எண்ணுகிறார்கள், எல்லாரும் இருக்கிறார்கள் என்று கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு செல்வராணியின் குரல்: "ஐயோ, கவரு. சாமி மேடையில கவரு."

கிளம்பியிருக்கலாம். ஏனோ அந்தக் கதவருகிலேயே நின்றேன்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். முதலில் கையால், பிறகு ஏதோ இரும்பால். "யாரு வெளிய? தொறங்க. முன்னுக்குப் போக முடியல" என்றார் திருச்செல்வம். இருமல் அதிகமாக இருந்தது. கதவின் கீழிடுக்கில் என் செருப்பு தெரிந்திருக்க வேண்டும். "சாரா? சார், சாவி உங்ககிட்டதானே இருக்கு. தொறங்க சார்."

சாவி என் நெஞ்சுக்கு மேல்தான் இருந்தது. திறக்கத்தான் கை போனது. அப்போது இரண்டு விஷயம் தோன்றியது. திறந்தால் நான் இங்கே எப்படி என்று அவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டும். அது சின்ன விஷயம், சமாளித்திருப்பேன். மற்றது, நான் ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது அப்படியே என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. பூட்டிய கதவு, துணி, புகை, உள்ளே ஓர் ஆள். வரிக்கு வரி. திறந்துவிட்டால் அந்தப் பக்கம் பொய்யாகிவிடும். சாமி புண்ணியத்தில் தப்பித்தோம் என்று சொல்லி, அடுத்த வருஷமும் அதற்குக் குங்குமம்தான் வைப்பார்கள்.

கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், பூட்டு இறுகிப்போச்சா?" என்று கேட்டார். பிறகு, "கவரு எங்கிட்ட இருக்கு சார். ஒன்னும் ஆகல. கீழ தள்ளுறேன், புடிச்சுக்குங்க. ராணிகிட்ட குடுத்துருங்க" என்றார்.

கீழிடுக்கு வழியாக என் கவர் வெளியே வந்தது. இரண்டு விரல் அதைத் தள்ளிக்கொண்டு வந்தன. காலையில் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. குனிந்து எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார். நான்கு நிமிஷம் என்று சொல்லலாம். நான் கடைசி வரை அங்கேயே இருந்தேன். விட்டுவிட்டுப் போகவில்லை.

இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். திருச்செல்வமே கொடுத்தார்.

நான் அதை எரித்துவிட்டிருந்தால் உங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. குத்துவிளக்கு சாய்ந்தது, பின்கதவைத் திருச்செல்வமே முன்னதாகப் பூட்டிவைத்திருந்தார், பாவம் என்று முடிந்திருக்கும். நீங்களும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தீர்கள். ஆனால் என்னால் எரிக்க முடியவில்லை. எட்டாம் நாள் காரியத்துக்குக் கொண்டுபோய் செல்வராணியின் முன்னால் வைத்தேன். இனிமேலாவது பிரிப்பார் என்று நினைத்தேன். வேறென்ன மிச்சம் இருக்கிறது அவருக்குப் பிரிக்காமல் இருப்பதற்கு?

அவர் வெள்ளைப் புடவையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உசுர குடுத்து இத காப்பாத்திட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, கணவருடைய படத்துக்குக் கீழே வைத்தார். மகளிடம் திரும்பி, "நான் வைக்கக் கூடாது, நீ குங்குமம் வையிம்மா" என்றார்.

லோஷினி குங்குமச் சிமிழை எடுத்தாள். சிங்கப்பூரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. விரலைக் குங்குமத்தில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அங்கிள், இத எடுக்கத்தான் அப்பா உள்ள போனாரு. திரும்ப வெளிய வரல. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

கூட்டத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை. செல்வராணிக்குக்கூட. "சாமி காரியத்துல கேள்வி கேக்காதடி" என்றார். நான் லோஷினியைப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தீர்கள். வந்தவர்கள் அந்தக் கவரையும் எடுத்து வந்தீர்கள். அதோ, உங்கள் கைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. சிவப்புப் பட்டை ஒட்டி, மேலே எண் எழுதி, பிரிக்கக் கூடாது என்று மலாயில் அச்சடித்திருக்கிறீர்கள். நான்கு நாளாக அது இந்த நிலையத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்கிறார்கள். ஒருவராவது பிரித்துப் பார்த்தீர்களா? சாட்சியம், தொடக் கூடாது என்பீர்கள். ஐயர் சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கொலை என்று எழுத வேண்டுமா, எழுதிக்கொள்ளுங்கள். விளக்கை நகர்த்தியது நான், பூட்டியது நான், திறக்காமல் நின்றது நான். எந்த வார்த்தையையும் நான் மறுக்கப்போவதில்லை. இந்த வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பையைப் பிரித்து, கவரைக் கிழித்து, ஒன்பதாம் பக்கத்தை எடுத்து என் எதிரில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அடியில் மூன்றே வரிதான். எந்தக் கட்டடத்துக்குக் குடிபோனாலும், பின்கதவின் சாவி ஒன்று எப்போதும் வெளியே, பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அதைப் படித்திருந்தால் திருச்செல்வம் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.